செம்மண்ணும் வெள்ளை ரோமமும்

ராஜபாளையம் நாயின் உடம்பில் கறை பளிச்சென்று தெரிவதுபோல் வேறெந்த நாட்டு நாயின் உடம்பிலும் தெரியாது. கோம்பை நாய் செம்மண்ணில் புரண்டு எழுந்தால் எது மண், எது ரோமம் என்று பிரித்துச் சொல்வதே கடினம். சிப்பிப்பாறையின் சாம்பலும் பழுப்பும் அழுக்கை ஓரளவு மறைத்துவிடும். ராஜபாளையத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, உடம்போடு ஒட்டிப் படியும் குட்டை ரோமம் ஆகியவைதான் அந்த இனத்தின் அடையாளம். 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது தமிழ்நாட்டின் சார்பில் இடம்பெற்றது இந்த வெள்ளை நாய்தான்.

ஒட்டன்சத்திரம் பழனி மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில் இருக்கிறது. காய்கறிச் சந்தைக்குப் பேர்போன ஊர். சுற்றிலும் தக்காளி, முருங்கை, வெங்காயத் தோட்டங்கள், பெரும்பாலும் செம்மண். தோட்டக் காவலுக்கு வளரும் வெள்ளை நாய் ஒன்று, மே மாதம் கொடைக்கானல் கோடை விழாவையொட்டி நடக்கும் நாய்க் கண்காட்சிக்கு மலையேற வேண்டுமானால், ஓர் ஆண்டின் செம்மண்ணையும் மஞ்சள் பற்றையும் சங்கிலித் துருவையும் கீழேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். அது எப்படி முடியும் என்பது சோப்பைப் பொறுத்ததல்ல. ஒவ்வொரு கறையும் ரோமத்தை எதைக்கொண்டு பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

வெள்ளை ரோமத்தில் வெள்ளை நிறமி என்று எதுவும் இல்லை. கறுப்பு நாயின் ரோமத்துக்குள் மெலனின் மணிகள் நிறைந்திருக்கும். வெள்ளை நாயின் ரோமத்தில் அவை இல்லை. ஒளி ரோமத்துக்குள் புகுந்து, உள்ளே இருக்கும் நுண்ணிய காற்றிடைவெளிகளிலும் செதில்களின் விளிம்புகளிலும் பட்டு, எல்லாப் பக்கமும் சிதறித் திரும்புகிறது. உப்பும் மல்லிகையும் வெள்ளையாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான். எல்லா அலைநீளமும் சமமாகத் திரும்பும்வரை வெள்ளை. நீல ஒளியில் சிறு பங்கை ஏதாவது ஒன்று விழுங்கிவிட்டால் போதும், கண்ணுக்கு மஞ்சள் தட்டிவிடும். மிகக் குறைந்த அளவு கறைகூட வெள்ளை நாயில் உறுத்துவது இதனால்தான்.

நிறமிச் செல்கள் இல்லாமைக்கு இன்னொரு விளைவும் உண்டு. உள்காது ஒழுங்காக வேலை செய்ய அங்கேயும் இந்தச் செல்கள் தேவை. அவை இல்லாத வெள்ளைக் குட்டிகளில் சில பிறவியிலேயே செவிடாக இருக்கும். ராஜபாளையத்தில் இது தெரிந்த சங்கதி. குளிப்பாட்டும்போது பின்பக்கமாக வந்து திடீரென்று தண்ணீர் ஊற்றினால் அப்படிப்பட்ட நாய் மிரண்டு கடிக்கும். அதன் கண்ணில் படும்படி முன்னால் வந்து, கையை முகரவிட்டு, பிறகுதான் தொட வேண்டும்.

ரோமத்தின் கட்டமைப்பு எளிது. நடுவில் கெரட்டின் என்னும் புரத இழைகள். மேலே வீட்டுக் கூரை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய செதில்கள், நுனியைப் பார்த்தபடி. அதற்கும் மேலே தோலிலிருந்து சுரக்கும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. செதில்கள் படிந்திருந்தால் ரோமம் மினுங்கும், அழுக்கு வழுக்கும். அவை சிலிர்த்து எழும்பினால் இடுக்குகளில் அழுக்கு தங்கும், சாயம் உள்ளே இறங்கும். காரம் பட்டால் செதில் எழும்பும். இலேசான அமிலம் பட்டால் படியும்.

தமிழ்நாட்டில் வெள்ளை என்றால் வேட்டிதான் நினைவுக்கு வரும்; வெளுப்பு என்றால் வெள்ளாவி. உவர்மண்ணில் துணியை முக்கி, அடுக்கி, இரவு முழுக்க ஆவியில் வேகவைத்து வெளுக்கும் அந்த முறையின் உயிர்நாடி உவர்மண்ணில் இருக்கும் சோடியம் கார்பனேட் என்னும் காரம். பருத்தி செல்லுலோஸ், காரத்தைத் தாங்கும், கடும் அமிலத்தில் இற்றுப்போகும். ரோமம் புரதம், கணக்கு அப்படியே தலைகீழ். இலேசான அமிலத்தை அது தாங்கும், காரத்தில் அதன் கந்தகப் பிணைப்புகள் அவிழ்ந்து நார்நாராகும். வேட்டிக்குக் கைகண்ட எதையும் நாய்மேல் போடக்கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். சலவைச் சோடா, துணி சோப்பு, பிளீச்சிங் பவுடர் எல்லாம் இந்தப் பட்டியலில் அடங்கும். அடைத்த சாக்கடைக் குழாயில் ஊற்றும் திரவங்கள் அங்கே சிக்கிய முடியைக் கரைப்பது இந்த வேதியியலை வைத்துத்தான். போதாக்குறைக்கு, வேட்டியைக் கழற்றி வைத்துத் துவைக்கலாம். ரோமத்தின் அடியில் உயிருள்ள தோல் இருக்கிறது. நாயின் மேல்தோல் மனிதத் தோலைவிட மெல்லியது. அதன் அமில–கார அளவும் வேறு. மனிதத் தோல் 5.5 அளவில் அமிலப் பக்கம் சாய்ந்திருக்க, நாய்த் தோல் நடுநிலையை ஒட்டி நிற்கும். நமக்கான ஷாம்பு அதற்குச் சரிப்படாது.

இனி மண். செம்மண்ணின் சிவப்பு ஹேமடைட் என்னும் இரும்பு ஆக்சைடு. அது தனித் தூளாக இல்லாமல் களித்தகடுகளின்மேல் பூச்சாக ஒட்டியிருக்கிறது. களித்துகள் 2 மைக்ரானுக்கும் குறைவு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. இந்தத் துகள் சாயமல்ல; ரோமத்துக்குள் கரைந்து இறங்காது, வெளியே ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே செம்மண் கறையை எடுக்கும் வேலை முக்கால்வாசி இயந்திர வேலை, கால்வாசிதான் வேதியியல்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். நாய் சேற்றோடு வந்து நின்றதும் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிக் கையால் தேய்ப்பார்கள். சேறு நீர்த்துக் குழம்பாகி, தேய்த்த வேகத்தில் அடி ரோமம்வரை இறங்கும். முதலில் முழங்காலில் மட்டும் இருந்த சிவப்பு பிறகு தொடை முழுக்க இளஞ்சிவப்பாகப் பரவியிருக்கும். சேற்றைக் காயவிடுவதே சரி. காய்ந்த களி சுருங்கி வெடிக்கும். வெடித்த சில்லுகளை ரப்பர் பிரஷால் ரோமம் படியும் திசையிலேயே வாரினால் உதிர்ந்துவிடும். எதிர்த்திசையில் வாரினால் செதில்கள் தூக்கிக்கொண்டு துகளை உள்ளே வாங்கிக்கொள்ளும். வாரி முடித்த பிறகு உலர்ந்த துண்டால் ஒரு துடைப்பு. குட்டை ரோமம் என்பதால் ராஜபாளையத்துக்கு இது கால் மணி நேர வேலை. அதே சேற்றில் ஒரு வெள்ளை பொமரேனியன் புரண்டிருந்தால் அரை நாள் போய்விடும். அதன் அடர்ந்த உள்ரோமம் பஞ்சுபோல் துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வாரியும் போகாத மிச்சம் எண்ணெய்ப் பூச்சில் ஒட்டியிருக்கும். அதற்குத்தான் ஷாம்பு. ஷாம்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். எண்ணெயோடு மண்ணும் கிளம்பும். கிளம்ப வேண்டும். ஆனால் தண்ணீர் எந்தத் தண்ணீர் என்பது இங்கே குறுக்கிடுகிறது.

ரோமத்தின் மேற்பரப்பில் நடுநிலை நீரில் எதிர்மின்னூட்டம் இருக்கும். களித்தகட்டிலும் எதிர்மின்னூட்டமே. ஒரே மின்னூட்டம் கொண்டவை ஒன்றையொன்று தள்ள வேண்டும். மழைத்தண்ணீரில் அப்படித்தான் தள்ளுகின்றன. போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கின்றன. இரட்டை நேர்மின்னூட்டம் உள்ள இந்த அயனிகள் ஒரு கையால் ரோமத்தையும் மறுகையால் களியையும் பிடித்துப் பாலம் போடுகின்றன. உப்புத் தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் செம்மண்ணின் சாயல் போகாமல் நிற்பதற்கு இது ஒரு காரணம். சோப்புக்கட்டி போட்டிருந்தால் இன்னும் மோசம்: கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகப் படியும். வாளி விளிம்பில் வெள்ளையாக ஒட்டுமே, அதே பிசுக்குதான். அது ரோமத்தை மங்கவைத்து, அடுத்த புழுதியையும் பசைபோல் பிடித்துக்கொள்ளும்.

தீர்வு விலையுயர்ந்தது அல்ல. கடைசி அலசலுக்கு மட்டுமாவது பிடித்துவைத்த மழைத்தண்ணீரோ உப்பில்லாத குடிதண்ணீரோ வேண்டும். அதற்கு முன், ஒரு லிட்டர் நீருக்கு இரண்டு மேஜைக்கரண்டி வினிகர் கலந்து முகம் தவிர்த்து ஊற்றினால் பிசுக்கு கரையும், கால்சியப் பாலம் அறும், எழும்பிய செதிலும் படியும். நாய்களுக்கான நல்ல ஷாம்புகளில் ஈ.டி.டி.ஏ. போன்ற பொருள்களைச் சேர்ப்பதும் இந்தக் கால்சியத்தைக் கவ்விப் பிடிப்பதற்காகவே. சீயக்காயும் அரப்பும் நாய்க்கு ஆகாதவை அல்ல. அவற்றின் நுரையும் அழுக்கை எடுக்கும். ஆனால் சீயக்காயின் பழுப்பும் அரப்பின் பச்சையும் வெள்ளை ரோமத்தில் ஒரு நிழலை விட்டுப் போகும். கண்காட்சிக்குப் போகாத கறுப்பு நாய்க்கு அவற்றை வைத்துக்கொள்ளலாம்.

செம்மண்ணைவிடச் சிக்கலானது மஞ்சள். உண்ணி கடித்த இடத்திலும் சிறு காயத்திலும் வேப்பிலையோடு மஞ்சளை அரைத்துப் பூசுவது இந்தப் பக்கத்து வழக்கம். காயம் ஆறும், கறை ஆறாது. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் கம்பளிக்கும் பட்டுக்கும் சாயமாகவே பயன்பட்டது. நாய் ரோமமும் கம்பளியும் ஒரே கெரட்டின்தான். ஆகவே மஞ்சள் பற்றுப் போட்ட நாய்க்குச் சாயம் போட்டதாகவே பொருள்.

காதடியில் மஞ்சள் பூசிய வெள்ளை நாயைச் சோப்பால் கழுவினால் ஒரு வேடிக்கை நடக்கும். நுரை பட்ட இடத்தில் மஞ்சள் சட்டென்று செம்பழுப்பாக மாறும். காயம் திறந்து ரத்தம் வருவதாக நினைத்துப் பதறுபவர்கள் உண்டு. அது ரத்தமல்ல, ஆரத்தி. மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தால் தட்டுச் சிவக்குமே, அதேதான்: காரத்தில் குர்குமின் நிறம் மாறுகிறது. அதன்மேல் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும். நிறம் இப்படி முன்னும் பின்னும் போய்வருவதால் கறை போய்விட்டதென்று ஏமாறவும் இடமுண்டு.

குர்குமின் தண்ணீரில் கரையாது. எண்ணெயிலும் ஆல்கஹாலிலும் கரையும். எனவே தண்ணீர் படுவதற்கு முன்பே தேங்காயெண்ணெயைத் தடவிப் பத்து நிமிடம் விட்டு, பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். பஞ்சில் மஞ்சள் ஏறும். பஞ்சு வெள்ளையாகத் திரும்பும்வரை மாற்றி மாற்றி ஒற்றிவிட்டு, பிறகு ஷாம்பு. மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். ஒளி பட்டால் குர்குமின் மூலக்கூறு உடையும். மஞ்சள் பட்ட வெள்ளைச் சட்டையைக் கொடியில் காயப்போட்டால் வெளுப்பது அதனால்தான். காலை இளவெயிலில் நாலைந்து நாள் நடக்கவிட்டால் போதும். நண்பகல் வெயிலில் கட்டிப்போடுவது கொடுமை மட்டுமல்ல, ஆபத்தும்கூட: இளஞ்சிவப்புத் தோலுக்கும் மூக்குக்கும் மெலனின் காப்பு இல்லை.

மருந்துக் கறைகளில் தண்ணீரில் கரைத்த ஒரு மாத்திரைக்கு அடங்கிவிடுவது போவிடோன் அயோடின். பழுப்பு அயோடினை வைட்டமின் சி நிறமற்ற அயோடைடாக மாற்றிவிடும். கண்ணெதிரே கறை மறையும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் விட்டுச்செல்லும் பழுப்புக்கும் இதுவே மருந்து. மாத்திரை வெள்ளையாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். சப்பித் தின்னும் வைட்டமின் சி மாத்திரைகள் பலவும் ஆரஞ்சு நிறத்தில் வருகின்றன. ஒரு கறையை எடுக்கப் போய் இன்னொன்றைப் பூசிய கதையாகும். ஜென்சியன் வயலட் ஊதாவுக்கு இப்படி எளிய வழி இல்லை. அது ரோமத்தின் எதிர்மின்னூட்டத்தோடு நேரடியாகப் பிணையும் நேர்மின் சாயம். கண்காட்சி நெருங்கும் மாதத்தில் அதைத் தவிர்க்கும்படி கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதுதான் வழி.

கழுத்தைச் சுற்றி வரும் கரிய வளையத்தைப் பலர் அழுக்கு என்று நினைக்கிறார்கள். அது மை. தோல் பட்டையும் இரும்புச் சங்கிலியும் சேர்ந்து மழையில் நனைந்தால் நாயின் கழுத்தில் ஒரு மைத் தொழிற்சாலை தொடங்கிவிடும். தோலைப் பதனிடப் பயன்படுவது மரப்பட்டையின் டானின். திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். ஆவாரம்பட்டை இந்நாட்டுத் தோல் பதனிடுதலின் பழைய மூலப்பொருள். கொடைக்கானல் சரிவுகளில் இன்று காடாகப் பரவிக் கிடக்கும் வாட்டில் மரமும் பட்டையின் டானினுக்காகவே பெரிதும் அங்கே நடப்பட்டது. டானின் நனைந்து கசிய, சங்கிலியின் துருவிலிருந்து இரும்பு கரைய, இரண்டும் கூடினால் கருநீலம். பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவில் பத்திரங்கள் எழுதிய மையும் இரும்பும் டானினும் சேர்ந்த இதே கூட்டுப்பொருள்தான்.

சோப்பு இதைத் தொடாது. காரத்தில் கறுப்பு இன்னும் ஆழமாகும். இங்கேயும் வைட்டமின் சி உதவும். அது இரும்பை நிறம் குறைந்த வடிவத்துக்கு மாற்றுகிறது. எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் அந்த இரும்பைக் கவ்வி நீரோடு எடுத்துப் போகிறது. எலுமிச்சைச் சாற்றை நீர்த்தே பயன்படுத்த வேண்டும். அலசாமல் வெயிலில் விட்டால் அதிலுள்ள சில பொருள்கள் தோலைப் பொசுக்கிக் கொப்புளம் கிளப்பும். துணியின் துருக்கறைக்கு விற்கும் ஆக்சாலிக் அமிலத்தை நாயின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. நாய் நக்கினால் சிறுநீரகம் கெடும். கண்காட்சிக்கு ஒரு மாதம் முன்பே நைலான் அல்லது பருத்திப் பட்டைக்கு மாறிவிட்டால் இந்தப் பத்தியே தேவைப்படாது.

தோட்டத்துக் கறைகளில் கெட்ட பெயர் வாழைப்பாலுக்கு. கோபால் நாயக்கரின் பாளையமாக இருந்த விருப்பாச்சி ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கம்தான். அந்தப் பெயரோடு புவிசார் குறியீடு பெற்ற மலைவாழையை அறியாதவர் இங்கே இல்லை. வாழை மட்டையை வெட்டும்போது வழியும் பால் முதலில் நிறமற்றே இருக்கும். காற்றுப் பட்டதும் அதிலுள்ள நொதி, பாலிலுள்ள பாலிபீனால்களை ஆக்சிஜனோடு சேர்த்து மெலனின்போன்ற கரும்பழுப்பாக்கிவிடும். நிறமி இல்லாமல் பிறந்த ரோமத்துக்கு வாழைத்தோட்டம் நிறமி கொடுத்துவிடுகிறது. பட்ட சில நிமிடங்களுக்குள் கழுவி எலுமிச்சை நீர் தடவினால் நொதி முடங்கும். காய்ந்துவிட்டால் எதுவும் பலிக்காது; ரோமம் உதிர்ந்து புதிதாக முளைக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். தக்காளிச் சிவப்பு எண்ணெயில் கரைவது, மஞ்சளுக்குச் சொன்னதே போதும். டிராக்டர் கிரீஸுக்கும் தேங்காயெண்ணெய்தான். பெட்ரோல், மண்ணெண்ணெய் வேண்டாம், தோல் வெந்துவிடும். உண்ணியைப் பிடுங்கிய இடத்து ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும். வெந்நீர் பட்டால் ரத்தப் புரதம் முட்டை வெந்ததுபோல் உறைந்து ரோமத்தைப் பிடித்துக்கொள்ளும்.

நாய் தானே தனக்குப் போட்டுக்கொள்ளும் கறைகள் வேறு வகை. சிறுநீரின் மஞ்சள் யூரோபிலின். ரத்த அணுக்களின் சிவப்பு உடைந்து உண்டாகும் பொருள்களில் ஒன்று. அதைவிடக் கெடுதல் செய்வது யூரியா. பாக்டீரியா அதை அமோனியாவாக்க, அந்தக் காரம் செதில்களைத் திறந்துவிட, மஞ்சள் உள்ளே இறங்கும். நனைந்த சிமெண்டுத் தரையில் படுக்கும் நாயின் தொடையும் வயிறும் நிரந்தரமாக மஞ்சளடித்திருப்பது இப்படித்தான். அங்கே வினிகர் நீர் அமோனியாவைச் சமன்செய்யும். பிளீச்சிங் பவுடர் கரைசலால் அந்தத் தரையைக் கழுவினால் அமோனியாவோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் குளோரமீன் வாயு கிளம்பும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கண்ணுக்குக் கீழே வழியும் துருநிறக் கோட்டுக்குக் காரணம் போர்ஃபிரின்கள். அவையும் ரத்தச் சிவப்பின் உறவுக்கார மூலக்கூறுகளே. நாயின் கண்ணீரிலும் எச்சிலிலும் வெளியேறி, வெயில் பட்டால் இன்னும் கருக்கும். நீண்ட முகமுள்ள ராஜபாளையத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. வட்ட முக ஷிட்ஸு, மால்டீஸ் நாய்களுக்கு நாள்தோறும் உண்டு. பாதம் மட்டும் சிவந்திருந்தால் நாய் அதை நக்கிக்கொண்டே இருக்கிறது என்று பொருள். அரிப்புக்குக் காரணம் உண்ணியா, ஒவ்வாமையா, விரலிடுக்கில் ஈஸ்டா என்று பார்க்காமல் சிவப்பை மட்டும் வெளுப்பது, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைப்பதற்குச் சமம். கண்ணீர்க் கறை போக உணவில் கலந்து கொடுக்கும் பொடிகளில் டைலோசின் என்னும் ஆன்டிபயாடிக் இருப்பதைக் கண்டு, அனுமதியில்லாத அத்தகைய பொருள்களை விற்ற நிறுவனங்களை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2014-இல் எச்சரித்தது. அழகுக்காக ஆன்டிபயாடிக் தின்னக் கொடுப்பதில் எந்த நியாயமும் இல்லை.

எல்லாக் கறையும் போன பிறகும் ஒரு பொதுவான மங்கல் மஞ்சள் மிஞ்சலாம். இது வெளியிலிருந்து வந்ததல்ல. புற ஊதாக் கதிர் கெரட்டினில் உள்ள டிரிப்டோஃபான் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைத்து மஞ்சள் பொருள்களாக்குகிறது. பழைய கம்பளியும் பட்டும் மஞ்சளிப்பது இதே விதத்தில்தான். கழுவி எடுக்க அங்கே எதுவும் ஒட்டியில்லை, ரோமமே மாறிவிட்டது. இரண்டு வழிகள்தான் உண்டு: மூலக்கூறை உடைப்பது, அல்லது கண்ணை ஏமாற்றுவது.

முதல் வழி ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக்கடையில் '20 வால்யூம்' என்று கிடைப்பது 6 சதவீதம்; அதைச் சரிபாதி நீர்த்தால் 3. நிறமூலக்கூறுகளின் பிணைப்பை அது ஆக்சிஜனேற்றத்தால் உடைக்கும். ஆனால் எது கறை, எது ரோமம் என்று பார்க்காது, கெரட்டினின் கந்தகப் பிணைப்புகளையும் சேர்த்து உடைக்கும். ரோமம் வறண்டு முறியும். நல்ல நடுவர் கையால் தடவிப் பார்த்தாலே தெரிந்துகொள்வார். ஒரு சிறு திட்டுக்கு ஒருமுறை என்றால் பொறுக்கலாம். உடம்பு முழுக்க என்றால் முட்டாள்தனம். கண்ணருகே கூடவே கூடாது.

இரண்டாம் வழி நீலம். மஞ்சள் படிந்த பரப்பில் நீல ஒளி குறைந்திருக்கிறது. மஞ்சளை விழுங்கும் இலேசான ஊதாவைச் சேர்த்தால் எல்லா நிறமும் சமமாகக் குறைந்து, கண் அதை வெள்ளை என்று ஏற்றுக்கொள்ளும். உண்மையில் பரப்பு முன்னைவிடச் சற்று மங்கியே இருக்கும். ஆனால் மங்கலைவிட மஞ்சளைத்தான் கண் வெறுக்கிறது. 'ஒயிட்டனிங்' ஷாம்புகளின் ஊதா நிறத்துக்கு இதுவே விளக்கம். அப்படியானால் வீட்டில் இருக்கும் சொட்டு நீலம் போதாதா என்று கேட்கத் தோன்றும். இங்கேயும் வேட்டிக்கும் ரோமத்துக்கும் உள்ள வேறுபாடு குறுக்கே வருகிறது. சொட்டு நீலத்தில் இருப்பது பெரும்பாலும் அமிலச் சாய வகை. பருத்தியோடு அது பிணைவதில்லை, ஆகவே கூடிப்போனாலும் அடுத்த துவைப்பில் போய்விடும். புரதத்தோடு அது இறுகப் பிணையும். கம்பளிக்குச் சாயம் ஏற்றுவதே அந்த வகையால்தான். ஒரு சொட்டுக் கூடினால் நாய் வாரக்கணக்கில் இளநீலமாகத் திரியும்.

கண்காட்சி விதிகளும் இந்த எல்லையைத்தான் காக்கின்றன. அமெரிக்க கென்னல் கிளப்பின் விதிப்படி, தூய்மைக்காகப் போட்ட பொருள் எதுவும் நாய் ரிங்குக்குள் நுழையும்முன் நீக்கப்பட்டிருக்க வேண்டும்; தோற்றத்தைச் செயற்கையாக மாற்றியிருந்தால் நடுவர் நாயை வெளியேற்ற வேண்டும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப்பின் நடுவர்களும் சாயம் பூசிய ரோமத்தை ரசிப்பவர்கள் அல்லர். சோளமாவும் சாக்குத்தூளும் ஈரத்தையும் எண்ணெயையும் உறிஞ்சும்; தூவிப் பத்து நிமிடம் விட்டு முழுவதும் வாரி எடுத்துவிட்டால் அது சுத்தம் செய்தல். எடுக்காமல் விட்டால் பூச்சு. நடுவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டியதும் வெள்ளைப் புகை கிளம்பினால் எல்லாம் அம்பலம்.

நாள்கணக்கு மேலே சொன்னவற்றிலிருந்தே பிறக்கிறது. ஒரு மாதம் முன்பு கழுத்துப் பட்டையும் படுக்கையும் மாற வேண்டும். மஞ்சள், ஊதா மருந்துகள் நிற்க வேண்டும். பத்து நாள் முன்பு தனித்தனிக் கறைகளைப் பார்க்கலாம். முழுக் குளியல் மூன்று நாள் முன்பு. முந்தின நாள் குளிப்பாட்டினால் தோல் எண்ணெய் முழுக்க வெளியேறி, ரோமம் படியாமல் சிலிர்த்து நிற்கும். இரண்டு மூன்று நாளில் எண்ணெய் ஊறி மினுக்கம் திரும்பிவிடும். அந்த மூன்று நாளும் நாய் செம்மண்ணைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் தோட்டத்து வீட்டில் உண்மையான சோதனை.

குளியலை ஒட்டன்சத்திரத்திலேயே முடித்துவிடுவது நல்லது. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் மே மாத மாலையிலும் மேகம் இறங்கும்; ஈர ரோமம் காயாது, சமவெளி நாய் நடுங்கிப்போகும். மலைத் தண்ணீர் மென்னீர் வேறு; அதில் ஷாம்பு எளிதில் நுரைத்து எளிதில் போகாது. அலசல் அரைகுறையானால் காய்ந்த பிறகு ரோமம் பிசுபிசுத்துப் புழுதியை இழுக்கும்.

பழனியிலிருந்து 60 கிலோமீட்டருக்கும் அதிகமான மலைப்பாதை கடைசிக் கறையை வைத்திருக்கிறது. காரில் பழகாத நாய் கொண்டை ஊசி வளைவுகளில் எச்சில் ஒழுக்கும், பிறகு பித்தநீராக வாந்தி எடுக்கும். பித்தத்தின் மஞ்சள்–பச்சையும் ரத்தச் சிவப்பின் வழிவந்ததுதான். மார்பு ரோமத்தில் காய்ந்தால் அன்றைக்குள் போகாது. ஏறுவதற்கு ஆறு மணி நேரம் முன்பே உணவை நிறுத்தி, தண்ணீர் மட்டும் கொடுத்து, கழுத்தில் ஒரு பழைய பருத்தித் துண்டை மார்பை மறைக்கும்படி கட்டிவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஈரத் துணி, உலர்ந்த துணி, ஒரு பாட்டில் நல்ல தண்ணீர், கொஞ்சம் சோளமாவு, ரப்பர் பிரஷ் ஆகியவை பையில் இருந்தால் போதும். மைதானத்தில் புல் பனியில் நனைந்திருக்கும். புல்லின் பச்சையம் தண்ணீரில் கரையாது என்றாலும், நசுங்கிய புல்லின் சாறு ஈரப் பாதத்தில் எளிதில் ஒட்டும். எண் அழைக்கும்வரை நாயை விரிப்பின்மேல் நிறுத்தி, ரிங்குக்குள் நுழையும் தருணத்தில் நான்கு பாதங்களையும் அடியிலும் விரலிடுக்கிலும் உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்துவிட வேண்டும்.